பழியெல்லாம் பம்ப் மேலே

எம்.ஜி.பி. காரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பியதும் எஞ்சினைக் கிளப்பிவிடாதீர்கள். சாவி பாதியில் நிற்கட்டும். பக்கத்தில் இருப்பவரின் பேச்சையும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். முதுகுக்குப் பின்னால், வலது பின்சக்கரப் பக்கமாக, காரின் அடியிலிருந்து டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். தொடக்கத்தில் மளமளவென்று அடிக்கும், பிறகு இடைவெளி விடும், பிறகு ஓய்ந்துவிடும். இரவு முழுக்க நின்ற கார் என்றால் ஓய்வதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். ஓய்ந்துவிட்டதா, தாங்கியிலிருந்து காபரேற்றர் வரை பெற்றோல் வழி சரி. இனிக் கிளப்பலாம்.

இந்தச் சத்தத்துக்குப் பலன் பார்ப்பதுதான் என் தொழிலில் பாதி. பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பது போலத்தான், ஆனால் இது பொய்ப்பது அபூர்வம். எஞ்சின் ஓடாமல் நிற்கும்போது அரை நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் அடிக்கக்கூடாது. சில விநாடிக்கு ஒன்று என்று விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தால், மேலே தள்ளிய பெற்றோல் எங்கோ கசிகிறது அல்லது திரும்பி இறங்குகிறது. காபரேற்றரின் ஊசி வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம். பம்பின் உள்வரும் வால்வில் ஒரு துரும்பு சிக்கியிருக்கலாம். மளமளவென்று அடித்து ஓயவே இல்லை என்றால் ஒன்றில் தாங்கி காலி, இல்லையென்றால் உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று இழுக்கிறது. சத்தமே இல்லை என்றால்தான் மின்சாரத்தைச் சந்தேகிக்கவேண்டும். அதிலும் அவசரப்படக்கூடாது. காபரேற்றரின் மிதவைக் கிண்ணம் ஏற்கெனவே நிறைந்திருந்தாலும் பம்ப் பேசாது.

ஒக்ஸ்போர்ட்ஷயரில் ஒரு கிராமத்துக் கராச்சில் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களோடு என் காலம் போகிறது. எம்.ஜி.பி. பிறந்த அபிங்டன் எங்களுக்கு அதிக தூரமில்லை. 1962இலிருந்து 1980 வரை அங்கே ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எங்கள் பகுதியில் எந்த ஊரில் கதவு திறந்த கார்க் கொட்டகையைப் பார்த்தாலும் உள்ளே ஒன்று நிற்கும். குளிர்காலம் முழுக்கப் போர்வைக்குள் கிடக்கும் இந்தக் கார்கள் பங்குனி, சித்திரையில் வெயில் கண்டதும் வெளியே வரும். வந்த முதல் ஞாயிறே பாதி வழியில் நிற்கும். திங்கட்கிழமை காலை எங்கள் தொலைபேசி ஓயாது. எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "பம்ப் போய்விட்டது. புதிது போட எவ்வளவு?"

போனது பம்ப்தானா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். பெரும்பாலும் இல்லை.

இந்த பம்ப் எனக்கு இங்கிலாந்தில் அறிமுகமானதல்ல. யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனர் ஓடாத தெரு இல்லை. எம்.ஜி.பி.யைப் போலவே அந்த மைனரில் இருப்பதும் எஸ்.யு. கம்பெனியின் பம்ப்தான். அங்கே அது பொனட்டுக்குள், எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவரில் இருக்கும்; பின்னால் இருக்கும் தாங்கியிலிருந்து அவ்வளவு தூரம் உறிஞ்சவேண்டும். எம்.ஜி.பி.யில் தாங்கிக்குப் பக்கத்திலேயே இருந்து முன்னுக்குத் தள்ளுகிறது. மைனரின் பம்ப் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. அழுத்தம் தரும், எம்.ஜி.பி.யினது மூன்று அளவில். மற்றபடி அண்ணன் தம்பிதான்.

1990க்குப் பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலத்தில் எங்கள் ஊர்க் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சின்னப் போத்தலில் பொக்கிஷம்போல வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டவிட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகை தெரு முழுக்க நிற்கும். நான் தொழில் பழகிய கராச் முதலாளி அப்போது சொல்வார்: "தம்பி, எஞ்சின் என்ன குடிக்குது எண்டு பம்புக்குத் தெரியாது. வாசல் திறந்தா தள்ளும், மூடினா நிக்கும். அதிலை குற்றம் சொல்ல முதல் மற்ற எல்லாத்தையும் பார்." புது பம்ப் எங்கிருந்தும் வராத ஊரில் அது தத்துவமல்ல, வேறு வழியில்லை. இங்கே கடிதப் பெட்டிக்கே புது பம்ப் வந்து விழுகிறது. அதனால்தான் ஒருவரும் மற்ற எல்லாவற்றையும் பார்ப்பதில்லை.

உள்ளே இருப்பது எளிய வேலை. ஒரு கொயில், அதற்கெதிரே ஓர் இரும்புத் தட்டு, தட்டோடு சேர்ந்த ஒரு சவ்வு. கொயிலில் மின் பாய்ந்ததும் காந்தம் தட்டை இழுக்கும்; சவ்வு பின்வாங்கித் தாங்கியிலிருந்து பெற்றோலை உறிஞ்சும். தட்டு முழுத் தூரம் வந்ததும் அதன் நடுவிலிருந்து நீளும் கம்பி, மறுமுனையில் கறுப்பு மூடிக்குள் இருக்கும் பொயின்ட்டைத் தட்டித் திறக்கும். மின் அறுந்ததும் ஒரு ஸ்பிரிங் சவ்வை முன்னே தள்ளும், பெற்றோல் காபரேற்றருக்குப் போகும். தள்ளி முடிந்ததும் பொயின்ட் மறுபடி மூடும். அந்த ஒவ்வொரு சுற்றும் ஒரு டிக். காபரேற்றரின் மிதவைக் கிண்ணம் நிறைந்து ஊசி வால்வு அடைத்துக்கொண்டால் ஸ்பிரிங் தள்ள முடியாமல் அப்படியே நிற்கும். பொயின்ட் திறந்தபடியே இருக்கும். ஆகவே பெற்றோலின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது மின்சாரம் அல்ல, அந்த ஸ்பிரிங். இதை விளங்கிக்கொண்டவருக்கு மீதி எல்லாம் விளங்கும்.

இதைச் செய்த எஸ்.யு. கம்பெனி ஸ்கின்னர் சகோதரர்களுடையது. அவர்கள் குடும்பம் லில்லி அண்ட் ஸ்கின்னர் என்ற சப்பாத்து வியாபாரக் குடும்பம். அவர்களுடைய ஆரம்பகாலக் காபரேற்றரில் சுருங்கி விரியும் பகுதியைத் தோலால்தான் செய்தார்கள். 1926இல் கார் முதலாளி வில்லியம் மொரிஸ் அந்தக் கம்பெனியை வாங்கினார்; அதன் பிறகு ஒக்ஸ்போர்ட், அபிங்டன் கார்களில் எஸ்.யு. இல்லாத பொனட்டைக் காண்பது கடினம். சப்பாத்துக்காரர் செய்த பம்ப் நின்றால் சப்பாத்துக் குதியால் தட்டுவது இந்த நாட்டில் இன்றைக்கும் நடக்கும் வைத்தியம். தெரு ஓரத்தில் காரை நிறுத்தி, பின்சக்கரத்துப் பக்கம் குனிந்து, ஒற்றைக் காலில் நின்று ஒரு கனவான் எதையோ தட்டிக்கொண்டிருந்தால் அவர் எம்.ஜி.காரர்.

தட்டினால் ஏன் ஓடுகிறது? பொயின்ட் டங்ஸ்டன் உலோகம். ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒவ்வொரு டிக்கிலும் தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் மேலே ஒரு படலம் பிடிக்கும், மின் கடக்காது. தட்டும்போது இரண்டு முனையும் உரசிப் படலம் கிழிகிறது, பம்ப் எழுந்துவிடுகிறது. குளிர்காலத் தூக்கத்துக்குப் பிறகு ஒருமுறை தட்டவேண்டி வந்தால் அதற்காக பம்பை மாற்றத் தேவையில்லை. கறுப்பு மூடியைக் கழற்றி, பொயின்ட்டுக்கு நடுவே ஒரு விசிற்றிங் கார்டின் ஓரத்தைச் செருகி இழுத்தால் போதும். மண்தாள் போட்டு உரசுபவர்கள் இருக்கிறார்கள். உரசிய கையோடு ஒரு புதுப் பொயின்ட் சோடிக்கும் எழுதிவிடலாம். கோடையிலும் தட்டவேண்டி வருகிறது, வாராவாரம் தட்டவேண்டி வருகிறது என்றால் பொயின்ட் கருகிவிட்டது அல்லது சவ்வு விறைத்துவிட்டது. அப்போது பம்பைக் கழற்றத்தான் வேண்டும்.

ஒருவர் தன் சிவப்பு எம்.ஜி.பி.யை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கராச்சில் நன்றாக ஓடும், ஊருக்குள் நன்றாக ஓடும், பெருந்தெருவில் ஏறி அரை மணி நேரம் போனதும் மூச்சு முட்டி நிற்கும். ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றால் மறுபடி ஓடும். வேறொரு இடத்தில் பம்பை மாற்றியிருந்தார்கள். குணமாகவில்லை என்று, புதிது பழுது என எண்ணி, மறுபடி மாற்றியிருந்தார்கள். பிறகு காபரேற்றரைப் பிரித்திருக்கிறார்கள். பெற்றோல் சூட்டில் கொதித்து ஆவியாகிறது என்று ஒருவர் சொல்ல, குழாய் நீளத்துக்கு வெள்ளித் தாள் சுற்றியிருந்தது.

நான் காரை எடுத்துக்கொண்டு பெருந்தெருவில் போனேன். மூச்சு முட்டத் தொடங்கியதும் ஓரங்கட்டி, சாவியை நிறுத்தாமல் இறங்கினேன். பின்னால் பம்ப் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது, ஆனால் களைத்த சத்தம். டிக்குக்கும் டிக்குக்கும் இடையில் இழுவை. தாங்கி மூடியைத் திருகினேன். சோடாப் போத்தல் திறந்ததுபோல் அல்ல, அதற்கு நேர் மாறாக, உள்ளே இழுக்கும் ஒரு நீண்ட உஸ். உஸ் முடிந்ததும் பம்பின் சத்தம் துரிதமாகியது, பிறகு அமைதியாக ஓய்ந்தது. எஞ்சின் ஒரே திருப்பில் எடுத்தது.

விசயம் மூடியில். அவருடையது போன்ற ஆரம்பகால எம்.ஜி.பி.யில் காற்று தாங்கிக்குள் நுழைவது மூடியில் உள்ள சிறு துளை வழியாக. பிற்காலக் கார்களில் தாங்கிக்குக் காற்று போக வேறு குழாய் இருக்கும். அவற்றின் மூடி காற்றுப் புகாதது. இரண்டு மூடியும் ஒரே வாயில் பொருந்தும். யாரோ ஒருவர் பளபளப்பாக இருக்கிறது என்று பிற்கால மூடியை வாங்கிப் போட்டிருந்தார். பெற்றோல் குறையக் குறைய உள்ளே காற்று நுழைய வழியில்லை; வெற்றிடம் ஏறி ஏறி பம்பின் இழுவையை வென்றுவிட்டது. நிறுத்தி வைத்தால் மெல்ல மெல்ல எங்கோ காற்று புகுந்து சமன் ஆகும், அதனால்தான் திரும்ப ஓடியது. சரியான மூடி ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். கழற்றி வைத்திருந்த முதல் பம்பை அவர் இன்னும் வைத்திருந்தார். அதில் ஒரு பழுதும் இல்லை.

அதனால் என் ஒழுங்கு எப்போதும் இதுதான். கார் நின்ற இடத்திலேயே முதலில் தாங்கி மூடியைத் திறந்து கேட்பேன். பிறகு காபரேற்றர் முனையில் றப்பர்க் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விடுவேன். அதற்கு முன் எஞ்சின் ஆறியிருக்கவேண்டும், இக்னிஷன் கொயிலின் வயரைக் கழற்றியிருக்கவேண்டும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கவேண்டும். எம்.ஜி.பி.யில் காபரேற்றரும் புகைபோக்கிக் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கின்றன என்பதை மறக்கக்கூடாது. சாவியைத் திருப்பினால் நிமிடத்துக்குக் குறைந்தது ஒரு பைன்ட், அதாவது 570 மில்லிலீட்டர், வரவேண்டும். நல்ல பம்ப் அதை அரை நிமிடத்தில் தந்துவிடும். அளவை மட்டும் பார்க்காமல் குழாய் முனையைப் பெற்றோலுக்குள் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்றும் பார்க்கவேண்டும். முதல் சில விநாடிக்குப் பிறகும் குமிழி வந்தால் உறிஞ்சும் பக்கத்தில் காற்று. தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் இருக்கும் சின்ன றப்பர்க் குழாய்தான் முதல் குற்றவாளி. அது பெற்றோல் கசியும் வெடிப்பு அல்ல, காற்று மட்டும் நுழையும் மயிரளவு வெடிப்பு. வெளியே நனைந்தே இருக்காது.

போத்தலில் போதுமான பெற்றோல் வந்துவிட்டதென்றால் பம்பை விட்டுவிட்டு முன்னுக்குப் போகவேண்டும். ஊசி வால்வு, மிதவை, அதற்கும் மேலாக இக்னிஷன். பெற்றோல் தட்டுப்பாடு என்று வரும் கார்களில் கணிசமானவை கடைசியில் டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் கண்டென்சரில் முடியும். சூடேறியதும் கண்டென்சர் விட்டுக்கொடுக்கும்போது எஞ்சின் இருமுவதும் பெற்றோல் வராமல் இருமுவதும் கேட்க ஒன்றாகவே இருக்கும். ஒரு வித்தியாசம் உண்டு: பெற்றோல் தீர்ந்தால் எஞ்சின் தயங்கித் தயங்கிச் சாகும். மின் அறுந்தால் வெட்டியதுபோல் நிற்கும்.

போத்தலில் ஒன்றும் வராமல், டிக்கும் இல்லாமல் இருந்தால் வோல்ட்மீற்றரை எடுக்கவேண்டும். இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள். பம்பின் வயரைக் கழற்றி முனையில் வைத்து அளந்தால் 12 வோல்ட் காட்டும். "மின் வருகிறது, ஆகவே பம்ப் செத்துவிட்டது" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். சுமை இல்லாதபோது துருப்பிடித்த இணைப்பும் 12 வோல்ட் காட்டும். வயரைப் பம்பில் மாட்டியபடியே அளக்கவேண்டும். பற்றரியில் 12.5, பம்ப் முனையில் 9 என்றால் இடையில் எங்கோ மூன்றரை வோல்ட்டைத் தின்கிறார்கள். எம்.ஜி.பி.யில் வெள்ளை வயர் இக்னிஷனிலிருந்து கார் நீளம் முழுக்க ஓடி வருகிறது, இடையில் குண்டு வடிவ இணைப்புகள். ஐம்பது வருட மழையும் உப்பும் அதற்குள் போயிருக்கின்றன. குளிர்காலத்தில் இங்கே தெருவுக்கு உப்புத் தூவுவார்கள். அது பின்சக்கரத்தால் எறியப்பட்டு நேரே பம்பின் மேல் வந்து விழும்.

வெள்ளை வயரைப் பார்த்தவர்கள்கூட கறுப்பு வயரைப் பார்ப்பதில்லை. பம்பின் எர்த் அது. பம்ப் றப்பர் பட்டியில் தொங்குவதால் உடலோடு வேறு தொடர்பு இல்லை. வோல்ட்மீற்றரின் ஒரு முனையைப் பம்பின் உடலிலும் மறுமுனையைப் பற்றரியின் எர்த் பக்கத்திலும் வைத்து, பம்ப் அடிக்கும்போது அளந்தால் கிட்டத்தட்ட பூச்சியம் காட்டவேண்டும். ஒரு வோல்ட் காட்டினாலே எர்த்தைக் கழற்றிச் சுரண்டி மறுபடி பூட்டவேண்டும். சந்தேகமாக இருந்தால் பற்றரியிலிருந்து நேரே இரண்டு தற்காலிக வயர் இழுத்துப் பார்த்தால் ஐந்தே நிமிடத்தில் வழக்குத் தீர்ந்துவிடும். எம்.ஜி.பி.யில் பற்றரி ஆசனங்களுக்குப் பின்னால், பம்புக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. வயர்கூட நீளமாகத் தேவையில்லை.

பிற்கால எம்.ஜி.பி.களில் மோதலின்போது பெற்றோலை நிறுத்த ஓர் அதிர்வு சுவிச் உண்டு. பள்ளத்தில் விழுந்தாலோ யாராவது முழங்காலால் இடித்தாலோ அது விழுந்துவிடும். ஒரு பொத்தானை அமுக்கினால் சரி. அதற்காக லொறி கூப்பிட்டவர்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, அவர்களில் சிலர் என் நல்ல வாடிக்கையாளர்கள்.

உண்மையிலேயே பம்ப் பழுது என்று தெரிந்த பிறகு கழற்றும் வேலை. குரோம் பம்பர்க் காலத்து எம்.ஜி.பி.யில் காரை உயர்த்தி ஸ்ராண்டுகளில் வைத்து, வலது பின்சக்கரத்தைக் கழற்றினால்தான் கை நுழையும். 1974க்குப் பின் வந்த கறுப்பு றப்பர் பம்பர்க் கார்களில் பம்பின் மின்பக்கம் டிக்கிக்குள் நீட்டிக்கொண்டு இருக்கும், அது புண்ணியம். பற்றரியின் எர்த்தை முதலில் கழற்றவேண்டும். தாங்கியில் பெற்றோல் கூட இருந்தால் பம்பைவிட உயரத்தில் இருக்கும். குழாயைக் கழற்றியதும் முழங்கை வழியாக அக்குள் வரை ஓடும். முன்கூட்டியே கொஞ்சம் இறக்கிவிடுவது நல்லது. தரையில் படுத்துக்கொண்டு பெற்றோல் வேலை செய்யும்போது தலைக்கு மேலே தொங்கும் பழைய பல்ப் விளக்கு கூடாது, அறைச் சூடாக்கி கூடாது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, நாம் படுத்திருக்கும் இடத்துக்குத்தான் வரும்.

பூட்டும்போது கொயில் கிடையாக இருக்கவேண்டும், பெற்றோல் வெளியேறும் வாய் மேலே. இதைவிட அதிகம் மறக்கப்படுவது மூச்சுக் குழாய். சவ்வு முன்னும் பின்னும் போகும்போது அதற்குப் பின்னால் இருக்கும் காற்றும் போய்வர வழி வேண்டும். அந்த வழியை ஒரு மெல்லிய குழாயால் டிக்கிக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள், அங்கே காற்று உலர்ந்திருக்கும் என்பதால். பழைய குழாய் உக்கிப்போய் விழுந்திருக்கும். புது பம்ப் போட்டவர் "இது எதற்கு?" என்று துளையை அடைத்துவிட்டிருப்பார், அல்லது திறந்தபடி விட்டிருப்பார். அடைத்தால் பம்ப் மூச்சுத் திணறி மெதுவாகும். திறந்து விட்டால் சக்கரம் எறியும் தண்ணீர் பொயின்ட்டுக்குப் போகும். ஒரு கை நீளக் குழாய்க்காக புது பம்ப் ஒரு குளிர்காலத்தில் போய்விடுகிறது.

பழைய பம்பைத் திருத்துவது எனக்குப் பிடித்த வேலை. மேசையில் ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்வேன். ஆறு திருகாணியைக் கழற்றிக் கொயில் பகுதியைப் பிரித்து, சவ்வை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றும்போது தட்டைச் சுற்றியிருக்கும் பித்தளைச் சில்லுகள் பொலபொலவென்று கொட்டும். பதினொன்று இருக்கவேண்டும். பழைய பம்புகளில் தட்டை நடுவில் நிறுத்துபவை அவை. பிற்காலத்தில் பிளாஸ்ரிக் வழிகாட்டி வந்துவிட்டது. துணி விரிக்காதவர்கள் மேசைக்கடியில் பதினோராவது சில்லைத் தேடிக்கொண்டிருப்பார்கள். புதுச் சவ்வைப் போடும்போது மிக முக்கியமான அளவு ஒன்று: பொயின்ட் தட்டி மாறாத அளவுக்கு உள்ளே திருகி, பிறகு மெல்ல மெல்ல வெளியே திருகிக்கொண்டே ஒவ்வொரு தடவையும் பெருவிரலால் அமுக்கிப் பார்க்கவேண்டும். சரியாகத் தட்டி மாறத் தொடங்கும் இடம் ஒன்று வரும். அங்கிருந்து அடுத்த திருகாணித் துளைக்குப் பொருத்தி, மேலும் நான்கு துளை, அதாவது மூன்றில் இரண்டு சுற்று, வெளியே திருகி நிறுத்தவேண்டும். ஒரு துளை கூடினாலும் குறைந்தாலும் பம்ப் அடிக்கும், ஆனால் சரியாக அடிக்காது. அது மேசையில் தெரியாது, மலை ஏறும்போது தெரியும்.

மற்றக் கார்களைப் பற்றிச் சுருக்கமாக. ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், டி.ஆர்.4 போன்றவற்றில் எஞ்சினோடு ஒட்டிய ஏ.சி. இயந்திர பம்ப், கேம் தண்டு தள்ளும், மின்சாரமே இல்லை. பலவற்றில் பக்கத்தில் கையால் அடிக்கும் ஒரு நெம்பு உண்டு. அதை அடித்துப் பெற்றோல் வருகிறதா என்று பார்க்கலாம். அதில் சவ்வு கிழிந்தால் பெற்றோல் எஞ்சின் எண்ணெய்க்குள் இறங்கும், எண்ணெய்க் கோலை இழுத்து முகர்ந்தால் தெரியும். முகர்ந்து தெரிந்த பிறகு ஒரு மைல்கூட ஓட்டக்கூடாது. ஜாகுவார் இ-டைப்பில் 3.8 லீட்டர் கார்களுக்குப் பெற்றோலுக்குள் மூழ்கியிருக்கும் லூகாஸ் பம்ப், 4.2க்கு வந்ததும் எஸ்.யு.க்கே மாறிவிட்டார்கள். இங்கிலாந்துச் சந்தைக்குச் செய்த டி.ஆர்.5, டி.ஆர்.6 தனி உலகம். காபரேற்றருக்குப் பதில் பெற்றோல் இஞ்செக்ஷன், 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் வேண்டும். அந்த பம்பை ஓட்டியது கண்ணாடித் துடைப்பான் மோட்டாரிலிருந்து உருவான ஒரு மோட்டார். கோடையில் நெரிசலில் நின்றால் சூடாகிப் பெற்றோல் ஆவியாகும். டிக்கிக்குள் பம்பின்மேல் உறைந்த பட்டாணிப் பொதியை வைத்துக்கொண்டு ஓட்டியவர்கள் கதை இந்த நாட்டில் எல்லாக் கராச்சிலும் உண்டு. இப்போது அநேகமாக எல்லோரும் பொஷ் பம்புக்கு மாறிவிட்டார்கள். நானும் அதைத்தான் சொல்வேன்.

மலிவான பொதுவகை மின் பம்புகளைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். "எந்தக் காருக்கும் பொருந்தும்" என்று போட்டிருக்கும். ஆறு, ஏழு பி.எஸ்.ஐ. தள்ளும். எஸ்.யு. காபரேற்றரின் ஊசி வால்வு மூன்றைத் தாங்கும்படி செய்யப்பட்டது. கிண்ணம் நிறைந்த பிறகும் அந்த பம்ப் ஊசியைத் தள்ளித் திறந்து பெற்றோலை வழியவிடும். வழிவது எங்கே? சூடான புகைபோக்கிக் குழாய்ப் பக்கம். எரிந்த பொனட்டோடு எங்களிடம் வந்த கார் உண்டு. விலையில் மிச்சம் பிடித்த பணம் பெயின்ற் பூசவும் போதவில்லை.

பெற்றோலும் பழைய பெற்றோல் இல்லை. 2021 செப்டம்பரிலிருந்து பிரித்தானியாவில் சாதாரண பெற்றோல் என்றால் இ10, பத்து சதவீதம் வரை எதனோல். பழைய றப்பருக்கு அது ஆகாது. குழாய் வெளியே நன்றாக இருக்கும், உள்ளே உரிந்து கறுப்புத் துகளாகி பம்பின் வடிகட்டிக்குள்ளும் வால்விலும் ஊசியிலும் போய் அடையும். நான்கு பம்ப் மாற்றினாலும் அந்தத் துகள் ஐந்தாவதற்கும் வரும். ஆர்9 என்று அச்சடித்த குழாயை வாங்கி, தாங்கியிலிருந்து காபரேற்றர் வரை உள்ள றப்பர்த் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். கூடுமானால் இ5 சூப்பர் ஊற்றுங்கள், குளிர்காலத்துக்கு நிறுத்தும் முன் கட்டாயம். 2018 மே மாதத்திலிருந்து நாற்பது வயது தாண்டிய பெரும்பாலான கார்களுக்கு வருடாந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. வருடத்துக்கு ஒருமுறையாவது கீழே குனிந்து குழாயைப் பார்த்த ஒரு கண்ணும் அதோடு போய்விட்டது. சொந்தக்காரர்தான் குனியவேண்டும்.

இப்போது எஸ்.யு. பம்பே பொயின்ட் உள்ளது, பொயின்ட் இல்லாத எலக்ட்ரோனிக் என்று இரண்டு வகையாகக் கிடைக்கிறது. எது நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். தினமும் ஓட்டுபவர் எலக்ட்ரோனிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்காரர் பழைய பொயின்ட்டும் வாங்குவதுதான் வழக்கம். நான் நேர் எதிராகச் சொல்வேன். பொயின்ட் ஓட ஓடச் சுத்தமாக இருக்கும், கிடந்தால்தான் கெடும். ஆகவே மாதத்துக்கு ஒருமுறை போர்வை நீக்குபவருக்கு எலக்ட்ரோனிக். அடிக்கடி ஓட்டுபவருக்குப் பொயின்ட். அது சாகும் முன் பல வாரம் முனகும், தட்டினால் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். எலக்ட்ரோனிக் சாகும்போது முன்னறிவிப்பு இல்லை, தட்டியும் பயனில்லை. எலக்ட்ரோனிக் வாங்குபவர் இன்னொன்றும் பார்க்கவேண்டும். 1967 இலையுதிர்காலம் வரை எம்.ஜி.பி.யில் பற்றரியின் நேர்முனைதான் எர்த். அதற்குப் பிறகு எதிர்முனை. பழைய கார்கள் பலவற்றை இடையில் யாரோ மாற்றியும் இருக்கிறார்கள். எலக்ட்ரோனிக் பம்ப் இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே செய்யப்படுகிறது, மாறிப் பூட்டினால் அந்தக் கணமே முடிந்தது. காரின் பத்திரத்தில் இருக்கும் வருடத்தைப் பார்த்து ஓடர் கொடுக்காதீர்கள், பற்றரியில் எந்த முனையிலிருந்து வயர் உடலுக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள்.

புதிது போட்டாலும் பழைய பம்பைக் குப்பையில் எறியவேண்டாம். வார்த்த உடலும் கொயிலும் நன்றாக இருந்தால் சவ்வும் வால்வும் பொயின்ட்டும் இன்றைக்கும் தனித்தனியாக வாங்கலாம், ஒரு மாலை நேர வேலை. திருத்தி, துணியில் சுற்றி, டிக்கியில் இரண்டு ஸ்பானரோடும் ஒரு முழம் ஆர்9 குழாயோடும் வைத்திருங்கள். அடுத்த முறை தெரு ஓரத்தில் நின்றால் அதை எடுக்கும் முன் தாங்கி மூடியைத் திறந்து பாருங்கள்.